சந்தேகமென்றால் சிவப்பு

என்னோடு வேலை செய்த அக்கா எந்த இடத்துக்குள் போனாலும் முதலில் திரும்பி வரும் வழியைப் பார்ப்பார். கலியாண மண்டபம் என்றால் பக்கக் கதவு எங்கே என்று கண்ணால் தேடி, அதற்குக் கிட்டவாக ஒரு கதிரையில் இருந்துகொள்வார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் சனம் நெருக்கியடித்து ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்ததுக்காக வெயிலில் நிற்பார். எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தபோது நாங்கள் எல்லோரும் ஏறி இறங்கிப் பார்த்தோம். அவர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்தார். கரண்ட் நின்றால் உதுக்குள்ளே இருந்து ஆர் எங்களை எடுக்கிறது என்று கேட்டார். அந்த நாட்களில் கரண்ட் அடிக்கடி நிற்கும் என்பதால் யாரும் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

ஒருமுறை அலுவலகத்தில் எல்லோருமாகக் காரைநகர்க் கடற்கரைக்குப் போனோம். கொக்குகூடக் காலாற நடக்கக்கூடிய ஆழமில்லாத கடல் அது. அக்கா எங்கள் செருப்புகளையெல்லாம் தன் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டுக் கரையிலேயே நின்றார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திருப்பிக் கூப்பிட்டார். பின்னேரம் திரும்பிப் போக வாகனத்தில் ஏறியதும் தலைகளைக் கையால் சுட்டி எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான் கொண்டுவந்த வடையை வாயில் வைத்தார்.

எங்கள் வேலை என்னவென்று உடுப்பிட்டியில் என் வீட்டாருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. செவ்வாய்க் கிரகத்தில் ஆளில்லாமல் ஓடித் திரிகிற ஒரு வண்டி அங்கிருந்து படங்கள் அனுப்பும். கல், மணல், பாறை, மேடு, பள்ளம். படத்தில் அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஒரு வெளிநாட்டுக் கம்பனி அந்தப் படங்களை எங்களுக்குத் தரும். நாங்கள் வரிசையாகக் கணினிகளுக்கு முன்னால் இருந்து, சில்லு போகக்கூடிய தரைக்குப் பச்சை, பார்த்துப் போகவேண்டிய தரைக்கு மஞ்சள், போகவே கூடாத தரைக்குச் சிவப்பு என்று கோடு இழுத்து நிறம் விடுவோம். இப்படி நிறம் விட்ட படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்து, இனிமேல் போகும் வண்டிகள் தரையைத் தாங்களாகவே மட்டுக்கட்டப் பழகும்.

வண்டிக்கு ஏன் சொந்தப் புத்தி வேண்டும் என்பதை எங்கள் பொறுப்பாளர் முதல் நாளே சொல்லித் தந்தார். என்னைவிடச் சில வயதுதான் மூப்பு. நான் அண்ணை என்பேன், அக்கா தம்பி என்பார். வண்டி ஒரு பள்ளக் கிடங்கை நோக்கிப் போவதை இங்கே படத்தில் நாங்கள் காணும்போது, அங்கே அது விழுந்து முடிந்திருக்கும் என்றார். படம் வந்து சேர அவ்வளவு நேரம். "நில்" என்று நாங்கள் அனுப்புகிற சொல் போய்ச் சேர இன்னும் அவ்வளவு நேரம். அதனால் அது தானே பார்த்துத் தானே நிற்க வேண்டும்.

எனக்குப் பக்கத்துக் கதிரை அக்காவுடையது. வந்த புதிதில் ஒவ்வொரு படத்துக்கும் அவரைத்தான் கேட்பேன். அவர் எட்டிப் பார்ப்பார்.

"உமக்குச் சந்தேகமோ?"

"ஓம் அக்கா."

"சந்தேகமெண்டால் சிவப்பு. பிறகு இருந்து யோசிக்கத் தேவையில்லை."

அவர் முடித்த படங்களைப் பார்த்தால் சுவாமி வெளிவீதி வருவதற்குச் சிவப்புப் பட்டு விரித்துவிட்டதுபோல் இருக்கும். இடையில் எங்காவது ஒரு கீற்றுப் பச்சை தெரியும். இதனால் அவருக்குச் சிக்கல் வந்தது. வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து முறைப்பாடு வந்து, பொறுப்பாளர் ஒருநாள் தயங்கித் தயங்கி அவர் மேசைக்கு வந்தார். இந்தப் படங்களில் பழக்கிப் பார்த்தால் வண்டி இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன் என்கிறதாம் என்று சொன்னார். அக்கா கோபப்படவில்லை.

"அசையாட்டில் என்ன தம்பி? நிக்கட்டும். மாட்டுப்படாமல் நிக்குதுதானே."

"நிக்கிறதுக்கோ அக்கா உவ்வளவு தூரம் அனுப்பினவங்கள்?"

அடுத்த கிழமை அக்காவின் படங்களில் பச்சை கொஞ்சம் கூடியிருந்தது. ஒவ்வொரு பச்சைக்கும் அவர் எவ்வளவு யோசித்தார் என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். நிறத்தை விடுவார், எடுப்பார், திரும்ப விடுவார். விட்டபின் உள்ளங்கையைச் சேலையில் துடைப்பார்.

அவருடைய விசைப்பலகைக்குப் பக்கத்தில் எப்போதும் கைப்பேசி நிமிர்த்தி வைத்தபடி இருக்கும். அதில் சண்டிலிப்பாயில் இருந்த அவருடைய வீட்டு முற்றம் தெரியும். வாசல் தூணில் ஒரு சின்னக் கமெரா பூட்டியிருந்தார். படிக்கட்டில் ஒருவர் இருந்து சின்ன வெங்காயம் துப்பரவாக்கிக்கொண்டிருப்பார். காய்ந்த தோலை உரித்து, நுனித் தாளை நறுக்கி, ஒரே அளவானதை ஒரே பக்கம் சேர்ப்பார். அது அக்காவின் தம்பி. நாற்பதைத் தொட்டவர். அக்கா காலையில் வேலைக்குப் புறப்படும்போது வேலிக் கதவான படலையை வெளியால் பூட்டிக்கொண்டு வருவார். தம்பி வெளியே இறங்கினால் நடந்துகொண்டே போவார், திரும்பி வரத் தெரியாது என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார். அவர்களுக்கு வேறு ஆட்கள் இல்லை. அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக அலுவலகத்தில் கதை இருந்தது.

ஒரு மாரி காலத்தில்தான் வண்டி மாட்டுப்பட்ட விசயம் நடந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அக்காதான் கண்டுபிடித்தார். வழக்கமாகப் படங்கள் முன்பின்னாகக் கலந்து வரும். அந்தக் கிழமை வந்தவை எடுத்த நாள் ஒழுங்கிலேயே வந்திருந்தன. அக்கா என் தோளைத் தட்டி, முயல் காதுபோல் நின்ற ஒரு கல்லைக் காட்டினார். இந்தக் கல்லை நேற்றும் கண்டேன், முந்தநாளும் கண்டேன் என்றார். அடுத்த நாளும் அதே கல் வந்தது. நிழல் மட்டும் இடம் மாறியிருந்தது.

"வண்டி மாட்டுப்பட்டிட்டுது," என்றார். ஏதோ வீட்டுச் செய்தி சொல்வதுபோல் குரல் தாழ்ந்திருந்தது.

கிழமைக்கு ஒருதரம் வெளிநாட்டுப் பக்கத்தோடு திரையில் கதைக்கும் கூட்டம் இருக்கும். அக்கா ஒருநாளும் அதில் வாய் திறந்ததில்லை. அன்று வண்டிக்கு என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லிப் பொறுப்பாளரை விடாமல் அரியண்டப்படுத்தினார். திரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் முதலில் தயங்கினாள், பிறகு ஒளிக்காமல் சொன்னாள். மேலே கெட்டியான தரைபோல் தெரிந்ததாம். உள்ளே மாவுபோல மணலாம். சில்லுகள் பாதி புதைந்துவிட்டன. அதே மாதிரி இன்னொரு வண்டியை இங்கே பூமியில் ஒரு மணல் தொட்டிக்குள் அதே மாதிரிப் புதைத்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சில்லை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை முதலில் இதில் செய்து பார்த்து, பிறகுதான் அங்கே சொல்கிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் ஒரு விரல் அகலம் நகர்கிறது. சில நாட்களில் அந்த அளவுக்குப் பின்னால் வழுக்கிவிடுகிறது.

அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை எடுக்கிறதுக்காக இதையும் புதைத்து வைத்திருக்கினமோ என்றார். பிறகு, எடுக்க ஏலாமல் போனால் என்ன செய்வினம் என்று கேட்கச் சொன்னார். எடுக்க ஏலாமல் போனால் அது நிற்கிற இடத்திலேயே நிற்கும், காற்றையும் வெக்கையையும் தூசியையும் அளந்து அனுப்பும், அதுவும் பெறுமதியான வேலைதான் என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்திருக்க வேண்டும்.

"அதுக்குத் தெரியுமோ தம்பி, இனிப் போகேலாது எண்டு?"

"அதை நான் எப்பிடி அக்கா இங்கிலீசிலை கேக்கிறது?"

கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்குக் கீழே போனோம். அக்கா படியில் பாதியில் நின்றுவிட்டார். நானும் நின்றேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நான்தான் பச்சை போட்டேனோ தெரியாது என்றார். அப்படி இருக்காது என்று நான் சொன்னேன். நாங்கள் செய்வது இனி அனுப்பப் போகும் வண்டிகளுக்கு என்று பொறுப்பாளர் எத்தனையோ தரம் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் தலையாட்டினார். ஆனால் நான் சொன்னது அவருக்குள் போகவில்லை. அந்தப் படியில் நின்றபடிதான் தம்பியைப் பற்றி எனக்குச் சொன்னார்.

சண்டை நேரம். தம்பி பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்த வயது. பாண் வாங்கச் சங்கக்கடைக்குப் போக வேண்டும். தாய் விடப் பயந்தார். அக்காதான் படலையைத் திறந்து வெளியே இறங்கிப் பார்த்தார். வீதியில் ஒரு குஞ்சு குருமன் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

"வடிவாப் பாத்திட்டுத்தான் பிள்ளை சொன்னனான். ஒருத்தரும் இல்லை, போட்டுக் கெதியா வா எண்டு."

சந்தியில் வைத்துத் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தபோது தாய் உயிரோடு இல்லை. யார் பிடித்தது, எங்கே வைத்திருந்தது, என்ன செய்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காவும் கேட்டதில்லை. வந்த நாளிலிருந்து வெங்காயம் உரிப்பார், சாப்பிடுவார், படுப்பார். படலை திறந்திருப்பதைக் கண்டால் நடக்கத் தொடங்குவார். ஒருதரம் மானிப்பாயில் இருந்தும், ஒருதரம் கீரிமலைப் பக்கமிருந்தும் ஆட்கள் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்களாம். அதற்குப் பிறகுதான் பூட்டு.

இதைச் சொல்லி முடித்ததும் அக்கா கீழே போகவில்லை. திரும்ப மேலே ஏறிப் போய்க் கணினிக்கு முன்னால் இருந்தார்.

அதன்பின் ஒரு மத்தியானம். நான் சாப்பிட்டுவிட்டு வந்து அமரும்போது அக்காவின் கைப்பேசியைப் பார்த்தேன். தம்பி படிக்கட்டில் குனிந்திருந்தார். கையில் ஒரு வெங்காயம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தேன். அதே குனிவு, அதே வெங்காயம். அவருக்குப் பின்னால் கொடியில் போட்டிருந்த சாரம் காற்றில் தூக்கியபடியே நின்றது. அக்கா என்றேன். அவர் பார்த்தார். படம் எப்போதோ நின்றுபோயிருந்தது. சண்டிலிப்பாயில் கரண்ட் இல்லை.

என் ஸ்கூட்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு மானிப்பாய் வீதியால் போனேன். அவர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனால் வேகமாகப் போ என்று ஒருதரமும் சொல்லவில்லை. படலை பூட்டியபடி இருந்தது. படிக்கட்டில் வெங்காயச் சுளகு இருந்தது, ஆள் இல்லை. வீட்டுக்குள் இல்லை, கிணற்றடியில் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க அக்கா மறுத்துவிட்டார், நான்தான் பார்த்தேன். பின் வேலியில் ஒரு தகரம் கழன்று சரிந்து கிடந்தது.

வேலிக்கு அப்பால் தோட்டக்காணிகள். இரண்டு காணி தாண்டி, அன்று காலை தண்ணீர் விட்ட, பாத்தி கட்டிய பீற்றூட் தறை ஒன்றின் நடுவில் அவர் நின்றார். செம்மண் சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. வரம்பில் தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுவிட்டதாகவும், ஆள் முன்னுக்கும் வரவில்லை பின்னுக்கும் போகவில்லை என்றும், கிட்டப் போனால் நடுங்குகிறார் என்றும் அவர் சொன்னார். பயிர் மிதிபட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்தார், சேலையைத் தூக்கிச் செருகினார், சேற்றில் இறங்கிப் போய்த் தம்பிக்குப் பின்பக்கமாக நின்றார். தொடவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. பிறகு, தம்பியின் காதுக்கென்ற தாழ்ந்த குரலில் சொன்னார், வரம்பில் நின்ற எனக்கும் கேட்டது:

"வந்த அடி கிடக்கு. அதிலையே காலை வை. திரும்பாதை."

தம்பி பின்பக்கமாக ஒரு காலைத் தூக்கி, தான் வந்த அடித்தடத்தில் வைத்தார். அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார். இன்னொரு கால். இருவரும் அந்தத் தறை முழுவதையும் பின்னடியாகவே நடந்து கடந்தார்கள். வரம்பில் ஏறியதும் தம்பி கீழே குந்தியிருந்து, தன் கால் விரல்களுக்கிடையில் இருந்த சேற்றைக் கையால் எடுக்கத் தொடங்கினார். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அந்த மாத முடிவோடு அக்கா வேலையை விட்டார். வண்டியை மீட்கும் முயற்சியைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற செய்தியும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான் வந்தது. எங்களுக்குச் சந்திரனின் படங்கள் வரத் தொடங்கின. கரிய நிழல்களும் கிடங்குகளும். பக்கத்துக் கதிரைக்கு வேறொரு பெண் வந்தாள். பொறுப்பாளர் ஒருதரம் என்னிடம், அக்கா போனபிறகு எங்கள் வேலைக்கு ஒரு முறைப்பாடும் வரவில்லை என்றார். சொன்ன விதத்தில் சந்தோசம் இருக்கவில்லை.

நானும் பிறகு கொழும்புக்குப் போய்விட்டேன். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, இந்த முறை விடக்கூடாது என்று சண்டிலிப்பாய்க்குப் போனேன். படலையில் பூட்டு இல்லை. தள்ளியதும் திறந்தது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அக்கா மெலிந்திருந்தார். முன் தலைமுடி நரைத்திருந்தது. தம்பி வாசலுக்கு உட்பக்கமாகக் கதிரையில் இருந்தார்; கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. தேத்தண்ணி குடித்துக்கொண்டே, இப்போது பூட்டுவதில்லையா, தம்பி வெளியே போய் வருகிறாரா என்று கேட்டேன்.

பூட்டத் தேவையில்லை என்றார். வேலையை விட்டு வீட்டில் நின்றபிறகு, தம்பி படலைப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே மறித்தாராம். அடித்ததில்லை, ஏசினதில்லை. அந்த ஒரு சொல்தான். முதலில் படலைக்கு முன்னால் வந்து நிற்கப் பழகினார். பிறகு கிணற்றடியிலேயே நின்றுவிடத் தொடங்கினார். பிறகு முற்றத்தில் இறங்குவதும் நின்றது.

"இப்ப வாசல்படியிலை கால் வைக்கிறானில்லை. நடக்காட்டில் கால் இன்னும் மோசமாகும் எண்டு டொக்டர் சொல்லுறார். கையைப் பிடிச்சு இழுத்தும் பாத்திட்டன், வாறானில்லை."

கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். அப்போதுதான் முதல்முறையாக அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். "நீர் ஒருக்கால் கூப்பிட்டுப் பாரும். ஆரும் வேறை ஆள் கூப்பிட்டால் வருவானோ தெரியாது."

நான் முற்றத்தில் நின்று கூப்பிட்டேன். அண்ணை, கொஞ்சத் தூரம் நடந்து வருவம் வாங்கோ என்றேன். அவர் எழுந்து நிலைக்கதவு வரை வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தார். அக்கா சிரிக்கப் பார்த்தார், வா என்று தலையாட்டினார். அவர் அசையவில்லை.

தான் வீட்டுக்குள் நிற்பதால்தான் அவன் வெளியே வராமல் நிற்கிறான் என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டு, விறுவிறென்று முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்து, வீதியில் போய் நின்றார். தனக்குப் பின்னால் தம்பி வருவார் என்று நினைத்திருக்க வேண்டும். கையை அகல நீட்டி, அங்கிருந்து கூப்பிட்டார்.

தம்பி கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அக்கா, உள்ளுக்கை வா. அந்தச் சந்தியிலை நிப்பாங்கள். கண்ணைக் கட்டிப்போட்டுத்தான் ஏத்துவாங்கள். நீ வா அக்கா."

அக்காவின் நீட்டிய கை அப்படியே நின்றது. இத்தனை வருடமாக அவர் கேட்காமல் இருந்ததும், தம்பி சொல்லாமல் இருந்ததும் அதுதான். வீதியில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு அவரை விலத்திப் போனார். அக்கா அதைக் கவனிக்கவில்லை.

"வாறன்," என்றார். "வாறன் ராசா, பயப்பிடாதை."

அவர் உள்ளே போய்த் தம்பியின் கையை நிலையிலிருந்து விரல் விரலாக எடுத்து, கதிரையில் இருத்தி, பக்கத்தில் தானும் தரையில் இருந்துகொண்டார். நான் போட்டுவாறன் என்று சொன்னதை இருவரும் கேட்டார்களோ தெரியாது. படலையை நான்தான் சாத்திவிட்டு வந்தேன்.